பல்வலியும் ஏழாவது விதியும்

பவானேஸ்வரி டீச்சரின் வகுப்பில் முதல் நாள் பாடமே நடக்கவில்லை. இரண்டு பக்கத் தாள் ஒன்றை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டு, அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நிதானமாக வாசித்தார். வாசித்து முடிக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

மலாக்காவில் மஸ்ஜித் தானா ஊரை ஒட்டிய ஒரு பள்ளியின் ஆறாம் படிவ, அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய, வரலாற்று வகுப்பு அது. மலாய்ப் பிள்ளைகள்தான் நிறைய. தமிழ்ப் பிள்ளைகள் என்று பார்த்தால் கலைமகளும் திலீபனும் மட்டும். டீச்சர் கெடாவிலிருந்து மாற்றலாகி வந்தவர். ஒண்டியாக வாடகை வீட்டில் இருந்தார். சிரிக்க வேண்டுமென்றால்கூட மேலிடத்தில் எழுதிக் கேட்டு அனுமதி வாங்குவார் போல ஒரு முகம்.

தாளில் இருந்தவை எல்லாம் வகுப்பு விதிகள். கைப்பேசி வாசலிலேயே கூடைக்குள் போய்விட வேண்டும். காப்பியடித்தால் சுழியம், "கொஞ்சம்தான் எடுத்தேன்" என்றாலும் சுழியம். கோர்ஸ்வொர்க், அதாவது வருஷம் முழுக்க அலைந்து எழுத வேண்டிய ஆய்வுக் கட்டுரை, ஒரு பள்ளி நாள் பிந்தினால் ஐந்து மதிப்பெண் வெட்டு. இப்படிப் போய்க்கொண்டிருந்ததில் ஏழாவது விதி வந்தபோதுதான் வகுப்பே முனகியது. யாரையாவது பேட்டி எடுத்து எழுதினால், எழுதியதை அவருக்கு முழுசாக வாசித்துக் காட்ட வேண்டும். அந்தச் சம்பவத்தின்போது கூட இருந்த இன்னொருவரும் உட்கார்ந்து கேட்க வேண்டும். இரண்டு பேரும் சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் டீச்சர் வாங்குவார்.

கடைசி விதி அதைவிட வேடிக்கை. பரீட்சை முடிவு வரும்வரை ஆசிரியருக்குப் பழம், பலகாரம், பரிசு எதுவும் கொடுக்கக் கூடாது.

திலீபன் கையைத் தூக்கினான். "டீச்சர், நன்றி சொல்லலாமா? அதுக்கும் ரூல் இருக்கா?"

"ரிசல்ட் வந்த பெறகு சொல்லு. அதுக்கு முன்னாடி சொன்னா அது நன்றி இல்ல, லஞ்சம்."

தாளின் அடியில் பெற்றோர் கையெழுத்துக்கு ஓர் இடம். கலைமகளின் அப்பா தேவன் அன்று சாயங்காலம் சுங்கை ஊடாங் ஆலையில் வேலை முடிந்து வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் அதை வாசித்துவிட்டு, "இது ஸ்கூலா, போலீஸ் ஸ்டேஷனா?" என்று கேட்டபடியே கையெழுத்துப் போட்டார்.

அந்த வகுப்பைக் கலைமகள் உதறிவிட முடியாது. ஐந்தாம் படிவத்தில் அவள் வாங்கியது சுமாரான முடிவு. கூடப் படித்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட, இவள் மட்டும் ஆறாம் படிவத்துக்கு வந்தாள், பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கலாம் என்று. அதற்கு இந்தப் பாடத்தில் ஏ வேண்டும். வீட்டிலும் பேச்சு முடிவாகிவிட்டது. ஏ வந்தால் படிப்பு. வரவில்லையென்றால், அத்தை மகள் வேலை செய்யும் ஃபேக்டரியில் இவளுக்கும் ஓர் இடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

ஆகவே கட்டுரைக்கு நல்ல தலைப்பாகத் தேடினாள். மெராந்தித் தோட்டம் விற்கப்பட்டு, அங்கே இருந்த தொழிலாளர் குடும்பங்கள் லயத்து வரிசை வீடுகளைக் காலி செய்துகொண்டு தாமான் என்கிற புதுக் குடியிருப்புக்குக் குடிவந்த கதை. டீச்சரும் தலைப்புக்குச் சம்மதித்தார். பேட்டிக்கு ஆளும் கையிலேயே இருந்தார். ரங்கசாமி, அப்பாவோடு ஆலையில் வேலை செய்தவர். மெராந்தியில் டிராக்டர் ஓட்டி, பிறகு சுங்கை ஊடாங்கில் ஆட்களை ஏற்றிப்போகும் பஸ் ஓட்டி, இப்போது ஓய்வில் மஸ்ஜித் தானா தாமானில் மனைவி ராஜம்மாவோடு இருந்தார். பிள்ளைகள் சிங்கப்பூர்ப் பக்கம்.

முதல் பேட்டியன்று ராஜம்மா கோயிலுக்குப் போயிருந்தார். ரங்கசாமி சட்டைக்கு மேல் சட்டை போட்டதுபோல விறைப்பாக உட்கார்ந்திருந்தார். கலைமகள் கைப்பேசியை மேசைமேல் வைத்துப் பதிவைத் தட்டினாள்.

"தோட்டத்த விட்டு வரப்ப ரொம்ப வேதனையா இருந்திருக்கும் இல்ல மாமா?"

"ஆமாம்மா. வேதனைதான்."

"புல்டோசர் எல்லாம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"நீங்க எல்லாம் எதுத்து நின்னீங்களா?"

அவர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நின்னாத்தான் மார்க் வருமாம்மா?"

"அப்படி இல்ல மாமா, நடந்தத சொல்லுங்க."

"நின்னோம்மா. நான்தான் முன்னாடி நின்னேன். எழுதிக்க."

அதற்குப் பிறகு ரங்கசாமிக்கு வேகம் பிடித்துவிட்டது. புல்டோசரின் முன்னால் கையை விரித்து நின்றதைச் சொன்னார். டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி ஓடியதைச் சொன்னார். பெண்கள் மண்ணில் விழுந்து அழுததைச் சொன்னபோது அவர் கண்ணே கலங்கிவிட்டது. கலைமகளுக்குப் புல்லரித்தது. இப்படி ஒரு கதை மலாக்காவில் யாருக்கும் கிடைத்திருக்காது என்று வழியெல்லாம் மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டே நினைத்தாள். வாரக்கணக்கில் உட்கார்ந்து மலாயில் எழுதினாள். திலீபன் வாசித்துவிட்டு, "செம லா! படமே எடுக்கலாம்," என்றான்.

வெள்ளிக்கிழமை மதியம் ஒப்படைக்க வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலம், ஏழாவது விதியை ஒரு சடங்குபோல முடித்துவிடலாம் என்று தாமானுக்குப் போனாள். ராஜம்மா வாசல் தரையில் பேப்பரை விரித்து நெத்திலித் தலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"அத்தை, நீங்களும் கேக்கணும். டீச்சர் ரூல்."

"நானா? எனக்கு என்னா தெரியும்? சரி சரி, வாசி. கையிதான் வேல செய்யுது, காது சும்மாதான இருக்கு."

கலைமகள் மலாயில் எழுதியிருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். ரங்கசாமி நாற்காலியில் இருந்தார். முதல் பக்கத்தில் தலையாட்டிக்கொண்டே இருந்தவர், இரண்டாம் பக்கத்தில் ஆட்டுவதை நிறுத்தினார். மூன்றாம் பக்கத்தில் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

"எங்க கெளம்பறீங்க? ஒக்காருங்க," என்றார் ராஜம்மா.

"கடைக்கு."

"என்னா வாங்க?"

அவர் ஒற்றைச் செருப்போடு மறுபடி உட்கார்ந்தார். கலைமகள் வாசித்தாள். "'புல்டோசரின் முன்னால் முதல் ஆளாகத் திரு. ரங்கசாமி இரண்டு கைகளையும் விரித்து நின்றார்.'"

நெத்திலி பேப்பரிலிருந்து எழும்பித் தரையெல்லாம் சிதறியது. ராஜம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இவரா? புல்டோசருக்கு முன்னாடியா? ஐயோ கடவுளே! அன்னைக்குக் கன்னம் பன்னு மாதிரி வீங்கி, பல்லு வலின்னு லோரிக்குள்ள மெத்தைய விரிச்சுப் படுத்துக் கெடந்தாரும்மா. புல்டோசராம்! லோரியில மாத்திரைக்குத் தண்ணி குடுத்தது நான்!"

"ஏய், சும்மா இரு. புள்ளைக்கு மார்க் வேணும்."

கலைமகளுக்குக் காது சூடாகியது. "மாமா, அப்ப புல்டோசர்?"

"வந்திருக்கும்மா. நாங்க வந்த பெறகு வந்திருக்கும். வராம எப்படி லயத்த இடிப்பான்?"

"அப்ப எல்லாமே…?"

"நீ ஆசையா கேட்ட. படிக்கிற புள்ள. இல்லன்னு எப்படி சொல்றது? தேவன் மவளுக்கு ஏதோ நம்மால ஆனது." ரங்கசாமி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தே விட்டார். "எங்க போடணும்? குடு. யாருக்குத் தெரியப்போவுது?"

ராஜம்மாவும் சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையைச் சேலையில் தட்டிவிட்டு நீட்டினார். "நானும் போடறேன் குடும்மா. எழுதினது எழுதியாச்சு. நல்லாதான் இருக்கு. அவர வீரனா ஒரு நாளாவது பாத்துட்டுப் போறேன்."

இரண்டு பேரும் தயாராக இருந்தார்கள். பேனா தயாராக இருந்தது. தாளில் இரண்டு கோடுகள் காலியாக இருந்தன. நாளைக்கு மதியம் கொடுத்தால் ஏ நிச்சயம். தாமானில் இன்னும் யாரைக் கேட்டாலும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், ஒரு தமிழ்ப் பிள்ளை படித்து மேலே வரட்டும் என்று. கலைமகள் தாளைப் பாதி நீட்டியும் விட்டாள்.

ஆனால் வாய் வேறு ஒன்றைக் கேட்டுவிட்டது.

"அத்தை, அப்ப அன்னைக்கு உண்மையில என்னதான் நடந்துச்சு?"

ராஜம்மா நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். சிதறிய நெத்திலியைப் பொறுக்கியபடி சொல்ல ஆரம்பித்தார்.

"வீட்டுக்குச் சீட்டுக் குலுக்கினாங்க. மைலோ டின்னுல நம்பர எழுதிப் போட்டு. நான்தான் கைய விட்டேன். கார்னர் லாட்டு, மூலை வீடு! லோரி வரைக்கும் கத்திக்கிட்டே ஓடுனேன். இந்த மனுஷன் எந்திரிக்கவே இல்ல."

"அழலையா யாரும்?"

"எதுக்கு அழணும்? லயத்துல கக்கூஸு எங்க இருந்துச்சு தெரியுமா? அந்தக் கோடியில. மழையில டார்ச் லைட்ட புடிச்சுக்கிட்டு, துணைக்கு ஒரு ஆள எழுப்பிக்கிட்டுப் போவணும். இங்க வந்தா வீட்டுக்குள்ளயே இருக்கு! மொத நாளு பொம்பளைங்க எல்லாம் வீடு வீடா போயி தண்ணிய இழுத்து விட்டு இழுத்து விட்டுப் பாத்தோம். ஒவ்வொரு வீட்லயும் சத்தம் எப்படி வருதுன்னு. சட்டி பான அடுக்கல, சோறு ஆக்கல. அன்னைக்குப் பூரா அதான் வேல."

ரங்கசாமிகூடச் சிரித்தார். "தண்ணி பில்லு வந்தப்பதான் தெரிஞ்சுச்சு."

கலைமகளும் சிரித்தாள். எழுதவும் தொடங்கியிருந்தாள், புல்டோசர் பக்கத்தின் முதுகிலேயே.

"அப்ப எல்லாரும் சந்தோஷமா வந்துட்டீங்க."

ராஜம்மாவின் கை நெத்திலியில் நின்றது.

"எல்லாரும்னு சொல்ல முடியாது. அங்கமுத்து குடும்பத்துக்கு வீடு கெடைக்கல. அவரு தோட்டத்து ஆளு இல்ல, கன்டிராக்டு. நம்ம பக்கத்து வீடுதான், ஒரே செவுரு. ஆனா லிஸ்ட்ல பேரு இல்லன்னுட்டாங்க. ஜொகூருக்குப் போறம்னு மூட்ட முடிச்சோட ரோட்டோரமா நின்னாங்க. நம்ம லோரி அவங்கள தாண்டித்தான் வந்துச்சு. கை காட்டினாங்க. நானும் காட்டினேன். பொம்பளைங்க எல்லாரும் காட்டினோம். லோரி நிக்கல."

ரங்கசாமி பேனாவை மூடி பையில் வைத்தார்.

"நான் தூங்கிட்டேன்," என்றார். "முழிச்சப்ப இங்க இருக்கேன். அவங்கிட்ட போயிட்டு வரேன்னு ஒரு வார்த்த சொல்லல. அதுக்கப்புறம் என்னா மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசறதுன்னு விட்டுட்டேன்."

கலைமகள் எழுந்து கட்டுரையை மடித்துப் பைக்குள் போட்டாள். கையெழுத்து வாங்கவில்லை.

மறுநாள் மதியம் எல்லாரும் கட்டுரையை அடுக்கிக்கொண்டிருக்க, அவள் வெறுங்கையோடு டீச்சர் அறை வாசலில் நின்றாள்.

"கட்டுரை எங்க?"

"இல்ல டீச்சர்."

"வீட்டுல யாரு செத்தது?"

"புல்டோசர் செத்துப்போச்சு டீச்சர்."

பவானேஸ்வரி டீச்சர் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தார். கலைமகள் எல்லாவற்றையும் சொன்னாள், தான் கேட்ட கேள்விகளையும் சேர்த்து. நேற்று இரவு பதிவைத் திரும்பக் கேட்டபோது, கதையில் பாதியைச் சொன்னது தன் குரல்தான் என்று தெரிந்ததையும் மறைக்கவில்லை. கேட்டு முடித்ததும் டீச்சரின் முகத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. சிரிப்பாக இருக்கலாம், மேலிடத்து அனுமதி இன்னும் வரவில்லை.

"ஏழாவது விதி வேலை செஞ்சிருக்கு. அதுக்காக மத்த விதி எல்லாம் லீவு எடுத்துக்காது. திங்கக்கெழம கொண்டு வா. அஞ்சு மார்க் போகும்."

"தெரியும் டீச்சர்."

"தலைப்ப மாத்தாத. குடிபெயர்ந்த கதைதான தலைப்பு? அது அப்படியேதான் இருக்கு. நீதான் அதுக்குள்ள வேற ஒன்ன கொண்டாந்து விட்டுட்ட."

சனிக்கிழமை காலையில் அவள் மறுபடி தாமானுக்குப் போனபோது, ராஜம்மா அதற்குள் நாலைந்து பேருக்குப் போன் அடித்து, அங்கமுத்துவின் நம்பரை வாங்கி வைத்திருந்தார். ஜொகூரில், கூலாயில் மகன் வீட்டில் இருக்கிறாராம். கட்டுரைக்கு அவருடைய பேச்சும் வேண்டும் என்று கலைமகள்தான் கேட்டிருந்தாள். ஆனால் கைப்பேசி மணி அடிக்கும்போது ரங்கசாமி அதைப் பார்த்த பார்வையில், இது கட்டுரைக்கானது மட்டும் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது.

"ஹலோ, யாரு?" ஸ்பீக்கரில் ஒரு கரகரத்த குரல்.

ரங்கசாமி தொண்டையைச் செருமினார். "நான்தான். மெராந்தி ரங்கசாமி."

அந்தப் பக்கம் டிவி ஓடுவது மட்டும் கேட்டது. பிறகு, "டேய்! பல்ல புடுங்கினியா இல்லையாடா?"

ராஜம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"புடுங்கிட்டேன்," என்றார் ரங்கசாமி.

"லோரி போறப்ப உங்காலு மட்டும் பின்னாடி நீட்டிக்கிட்டு இருந்துச்சுடா. எம்பொண்டாட்டி, அண்ணன் எங்கன்னு கேட்டா. அதோ பாரு காலுன்னேன். நாங்க எல்லாம் உங்காலுக்குத்தான் டாட்டா காட்டுனோம்!"

ரங்கசாமி சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். துண்டுக்குப் பின்னாலிருந்து வந்த சத்தம் சிரிப்புதானா என்று கலைமகள் கவனிக்கவில்லை. கவனிக்காததுபோல வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்புறம் மத்தியானம்வரை அவர்கள் பேசினார்கள். வீடு கிடைக்காமல் போனதையும், ஜொகூரில் மூன்று இடம் மாறியதையும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதையும் அங்கமுத்து கோபமில்லாமல் சொன்னார். கலைமகள் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. "பெறகு?" என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புதுக் கட்டுரையை வாசித்துக் காட்டினாள். அங்கமுத்து கூலாயிலிருந்து கைப்பேசியில் கேட்டார். மைலோ டின் இருந்தது, தண்ணீர்ச் சத்தம் இருந்தது, ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு வீடு கிடைத்து அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குக் கிடைக்காமல் போனது இருந்தது. பல்வலி வந்ததும் ராஜம்மா, "அத இன்னொரு தடவ வாசி," என்றார். ரங்கசாமி கையெழுத்துப் போடும்போது ஒவ்வோர் எழுத்தாகப் போட்டார்.

மதிப்பெண் வந்தது. எண்பத்து நான்கு. வெட்டுப் போக எழுபத்தொன்பது. கட்டுரைக்கு ஏ என்பது எண்பதில்தான் தொடங்கும்.

அடுத்த நாள் பள்ளி வாசலில் ரங்கசாமி நின்றார், கல்யாணத்துக்குப் போடும் சட்டையோடு. கையில் ஒரு முறுக்கு டின். கலைமகள் தடுக்கத் தடுக்க டீச்சரிடம் போய்விட்டார்.

"டீச்சர், பொய் சொன்னது நானு. புள்ள மேல தப்பு இல்ல. அந்த அஞ்சு மார்க்க எங்கிட்ட வெட்டுங்க."

"உங்ககிட்ட மார்க் இல்லையே ஐயா."

"ஒரு மார்க்காவது…"

"முடியாது."

ரங்கசாமி டின்னை மேசைமேல் வைத்தார். "சரி, மார்க் வேணாம். இது மார்க்குக்கு இல்ல. இத்தன வருஷமா அவனுக்கு ஒரு போன் அடிக்க எனக்குத் தைரியம் வரல. நீங்க போட்ட சட்டத்தால அடிச்சேன். அடுத்த மாசம் பொங்கலுக்கு வரானாம். அதுக்குத்தான் இது."

டீச்சர் டின்னைப் பார்த்தார். கெடாவிலிருந்து வந்தபிறகு அவர் வீட்டுக்கு யாரும் எதுவும் கொண்டு வந்து கொடுத்ததில்லை என்று கலைமகள் பின்னால் தெரிந்துகொண்டாள். அந்த நேரத்தில் தெரிந்ததெல்லாம், டீச்சரின் கை டின்வரைக்கும் போய்த் திரும்பியதுதான்.

"ரிசல்ட் வரட்டும் ஐயா. அதுவரைக்கும் வாங்க மாட்டேன். நீங்க சொன்னத மட்டும் வாங்கிக்கறேன்." அவர் கலைமகள் பக்கம் திரும்பினார். "பரீட்சை இருக்குல்ல? ஏ அங்க போயி எடு. கட்டுரையால, மத்தவங்க சொல்றத அப்படியே கேக்கக் கத்துக்கிட்ட. அத வச்சு எழுது."

டின்னை வெளியே எடுத்து வந்ததும் திலீபன் மூடியைத் திறந்தான். "ரூலு டீச்சருக்குத்தான? எங்களுக்கு இல்லையே!" மணி அடிப்பதற்குள் முறுக்கு தீர்ந்தது. மலாய்ப் பிள்ளைகள் மாவு என்ன என்று கேட்டு ராஜம்மாவுக்கு வாட்ஸாப்பில் செய்தியே அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு கலைமகள் படித்த படிப்பை அவள் அப்பா இன்றும் சொல்வார். சாப்பிடும்போதும் கேள்வி, துணி காயப் போடும்போதும் கேள்வி. யார் சொன்னது, கூட யார் இருந்தது, அவரும் ஆமாம் என்றாரா? வேலையிலிருந்து வந்து, லேட்டானதற்குக் காரணம் சொல்லக்கூடத் தேவனுக்குப் பயமாகிவிட்டது. "எனக்கும் ரெண்டு சாட்சி கேப்பா போலிருக்கு," என்பார்.

முடிவு வந்த நாள் கலைமகள் திரையைப் பார்த்தாள். வரலாறு: ஏ. வீட்டுக்குப் போன் அடித்தாள், அப்பா அழுதார். அடுத்து தாமானுக்கு அடித்தாள். ராஜம்மா ஹலோகூடச் சொல்லவில்லை. "மாவு நேத்தே அரைச்சாச்சு," என்றார்.

டீச்சர் அறையில் ரங்கசாமி அதே சட்டையோடு அதே டின்னை அதே மேசைமேல் வைத்தார். "இன்னைக்கு வாங்கலாம்ல?"

"இன்னைக்கு வாங்கலாம்."

"டீச்சர்," என்று கலைமகள் தொடங்கினாள். ஒரு வருஷமாகச் சொல்லக் கூடாது என்று வைத்திருந்ததால் நிறைய சேர்ந்துவிட்டது. எது முதலில் என்று தெரியவில்லை. "நன்றி டீச்சர். அஞ்சு மார்க் வெட்டினதுக்கும் சேத்து."

பவானேஸ்வரி டீச்சர் சிரித்தார். நன்றாகவே சிரித்தார். மூடியைத் திறந்து, முதல் முறுக்கை ரங்கசாமியிடம் நீட்டி, இரண்டாவதைத் தான் எடுத்துக்கொண்டு, ஜன்னலோரமாக உட்கார்ந்து கடித்தார். ரங்கசாமியும் கடித்தார், இடது பக்கமாக. வலது பக்கம் அந்தப் பல் இல்லை.